மாத்திரையின் பெயர் மாறிவிட்டது, மருந்தும் மாறிவிட்டதா? ஜெனரிக் மனநல மருந்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல மாத்திரை எடுப்பவர்கள் எல்லாருக்கும் ஒருநாள் இது நடக்கும். வழக்கமான மருந்துதான் வாங்கியிருப்பீர்கள், வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தால் பெயர் வேறு, நிறம் வேறு, மாத்திரை கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும். உடனே வயிற்றுக்குள் ஒரு பயம். நான் டாக்டர் இல்லை. வீட்டில் ஒருவருக்குப் பல வருடமாக லித்தியம் (மனநிலை ஏற்ற இறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மருந்து) எடுத்துக் கொடுக்கிறேன், நானும் செர்ட்ராலின் என்ற மன அழுத்த மாத்திரை எடுக்கிறேன், அதனால் இந்தப் பயம் எனக்குப் பழக்கம். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும் நான் டாக்டர்களிடம் கேட்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். அவசரமாக வந்தவர்களுக்கு ஒரு வரி: நிறமோ வடிவமோ கம்பெனிப் பெயரோ மட்டும் மாறியிருந்தால் இன்று இரவு மாத்திரையை நிறுத்தாதீர்கள், சந்தேகத்தை நாளை கேட்டுக்கொள்ளலாம்.

ஜெனரிக் என்றால் சரியாக என்ன?

ஒரு கம்பெனி புதிதாக ஒரு மருந்தைக் கண்டுபிடித்தால் சில வருடங்களுக்கு அதை விற்கும் உரிமை அதற்கு மட்டும்தான். காப்புரிமை முடிந்ததும் மற்றவர்களும் அதே மூல மருந்தைத் தயாரிக்கலாம், அதுதான் ஜெனரிக். ஃப்ளூவாக்ஸெடின் என்ற மன அழுத்த மருந்து அமெரிக்காவில் 1987ல் புரோசாக் என்ற பெயரில் அனுமதி பெற்றது. 2001ல் காப்புரிமை முடிந்து ஜெனரிக் வந்தது. செர்ட்ராலின் சோலாஃப்டாக வந்தது, ஓலன்சபைன் சைப்ரெக்சாவாக, எஸ்சிட்டலோபிராம் லெக்சாப்ரோவாக. மனநலத்தில் இன்று அதிகம் எழுதப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்தவைதான்.

என் அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதே, அப்போது அது பிராண்ட்தானே?

அநேகமாக இல்லை. பல நாடுகளில் ஜெனரிக் தயாரிக்கும் கம்பெனிகளும் தங்கள் மாத்திரைக்குச் சொந்தமாக ஒரு பெயர் வைத்து விற்கின்றன. பெயர் இருப்பதாலேயே அது முதலில் கண்டுபிடித்தவரின் மருந்து ஆகிவிடாது. “நான் எப்போதும் பிராண்ட்தான் எடுப்பேன், ஜெனரிக் தொடவே மாட்டேன்” என்று சொல்பவர்களில் பாதிப் பேர் வருடக்கணக்கில் ஜெனரிக்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெரிய பெயருக்கு மேலேயோ கீழேயோ பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும், பக்கத்தில் மில்லிகிராம் இருக்கும். மருந்து அதுதான். அந்தப் பொடி எழுத்துப் பெயர், மில்லிகிராம், மெதுவாகக் கரையும் வகையா இல்லையா என்ற குறிப்பு (எக்ஸ்எல், எஸ்ஆர், இஆர் மாதிரி எழுத்துகள்), இந்த மூன்றும் பழைய அட்டையில் இருப்பதோடு பொருந்தினால் முக்கால்வாசிக் கவலை அங்கேயே தீர்ந்துவிடும். நான் முதல் தடவை பயந்தபோது இதைச் செய்யத் தெரியவில்லை, ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் இருந்தேன்.

விலை ஏன் இவ்வளவு குறைவு? மட்டமான சரக்கா?

கண்டுபிடித்த கம்பெனி பல வருடம் ஆராய்ச்சி செய்து, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து, விளம்பரமும் செய்திருக்கும். ஜெனரிக் கம்பெனி அந்தப் பெரிய சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. மருந்து வேலை செய்யும் என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். தன் மாத்திரையும் ரத்தத்தில் அதே அளவு மருந்தை அதே வேகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்று மட்டும் காட்டினால் போதும். அமெரிக்காவில் இந்த வழியை 1984ல் சட்டமாகவே கொண்டுவந்தார்கள், மற்ற நாடுகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அப்புறம் பத்து கம்பெனி போட்டி போட்டால் விலை தானாக இறங்கும்.

“ஜெனரிக்கில் 20 சதவீதம் வரை மருந்து குறைவாக இருக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது” என்கிறார்களே?

இணையத்தில் அதிகம் சுற்றும் அரைகுறைத் தகவல் இதுதான். விதியில் 80 சதவீதம், 125 சதவீதம் என்று இரண்டு எல்லைகள் இருப்பது நிஜம். அவற்றுக்குச் சொல்லப்படும் அர்த்தம்தான் தவறு.

சோதனை இப்படி நடக்கும். ஆரோக்கியமான தன்னார்வலர்கள், பெரும்பாலும் 24 முதல் 36 பேர். ஒவ்வொருவரும் ஒருமுறை பிராண்ட் மாத்திரையும், சில நாள் இடைவெளி விட்டு ஒருமுறை ஜெனரிக் மாத்திரையும் விழுங்குவார்கள். ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்து, மருந்து உச்சத்தில் எவ்வளவு ஏறியது, மொத்தமாக உடம்புக்குள் எவ்வளவு போனது என்ற இரண்டையும் கணக்கிடுவார்கள். ஜெனரிக்கின் அளவைப் பிராண்டின் அளவால் வகுத்தால் ஒரு விகிதம் வரும். அந்த விகிதத்தின் சராசரி மட்டும் 80க்கும் 125க்கும் நடுவில் இருந்தால் போதாது. சராசரியைச் சுற்றி ஒரு “இங்கிருந்து இங்குவரை இருக்கலாம்” என்ற வீச்சு போடுவார்கள் (புள்ளியியலில் 90 சதவீத நம்பக வீச்சு), அந்த வீச்சு முழுவதும் கோட்டுக்குள் அடங்க வேண்டும். சராசரியே 82, 83 என்று இருந்தால் வீச்சின் ஒரு முனை கிட்டத்தட்ட நிச்சயமாக 80க்குக் கீழே போய்விடும், மாத்திரை தேறாது. ஆகவே தேறுபவை பெரும்பாலும் 100ஐ ஒட்டியே இருக்கும்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1996 முதல் 2007 வரை 12 வருடங்களில் தன்னிடம் வந்த 2,070 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. உடம்புக்குள் போன மொத்த மருந்தில் பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் சராசரி வித்தியாசம் ஏறக்குறைய 3.5 சதவீதம். வெறும் வயிற்றில் போடுவதற்கும் சாப்பிட்டுவிட்டுப் போடுவதற்கும் இடையே சில மருந்துகளில் இதைவிட அதிக வித்தியாசம் வரும்.

இன்னொன்று, மாத்திரைக்குள் எத்தனை மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பதற்கு வேறு கட்டுப்பாடு இருக்கிறது, அது பிராண்டுக்கும் ஜெனரிக்குக்கும் பொதுவானது. 80–125 என்பது உள்ளே போடும் மருந்தின் அளவைப் பற்றிய விதியே அல்ல.

ஆனால் ஒரு நியாயமான குறையும் உண்டு. சோதனை பொதுவாக ஆரோக்கியமானவர்களிடம், பெரும்பாலும் ஒரே ஒரு டோஸில் நடக்கிறது. வருடக்கணக்கில் நான்கு மருந்து சேர்த்து எடுக்கும் ஒருவரின் உடம்பு அப்படியே நடந்துகொள்ளும் என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. இந்தக் குறை எந்த மருந்தில் உதைக்கும், எதில் உதைக்காது என்பதற்குக் கீழே வருகிறேன்.

நிறமும் வடிவமும் ஏன் மாறுகின்றன? அதே மாதிரி செய்தால் என்ன?

சில நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், வணிகக் குறியீட்டுச் சட்டம் விடாது. பிராண்டின் தோற்றம் அந்தக் கம்பெனியின் சொத்து. இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் என் அனுபவத்தில் ஜெனரிக் மாற்றத்தில் நடக்கும் நிஜமான ஆபத்து பாதி இங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மாத்திரை டப்பாவில் பழைய அட்டையில் வெள்ளை மாத்திரை ஆறு மீதம் இருந்தது. புதிதாக வந்த அட்டையில் இளமஞ்சள் மாத்திரை. இரண்டுக்கும் பெரிய எழுத்துப் பெயர் வேறு. எடுப்பவர் என்ன நினைத்தார் என்றால், டாக்டர் இன்னொரு மாத்திரையையும் சேர்த்திருக்கிறார் என்று. இரண்டையும் மூன்று நாள் போட்டிருக்கிறார். அதாவது மூன்று நாளும் இரட்டை டோஸ். காலையில் காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை ஆடியதை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். நல்ல வேளை, அன்றே ரத்தம் பார்த்து, சரிசெய்துவிட்டார்கள். இதில் எந்த மாத்திரையின் மேலும் குற்றம் இல்லை, இரண்டும் ஒரே மருந்துதான்.

இதற்கு நேரெதிராகவும் நடக்கும், நிறம் மாறியதால் “இது என்னுடையது இல்லை” என்று எடுத்து வைத்துவிடுவார்கள். வலிப்பு மாத்திரை எடுப்பவர்களிடம் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், மாத்திரையின் நிறம் மாறியவர்கள் மருந்தைத் தொடராமல் விடுவது கூடியிருந்தது. நிறம் மாறினால் மாத்திரை கெட்டுப்போகாது. ஆனால் எடுக்கும் கை தடுமாறுகிறது.

மருந்து ஒன்றுதான் என்றால் வேறு எதுதான் மாறுகிறது?

கூட்டுப்பொருட்கள். மாத்திரையைக் கெட்டியாகப் பிடித்து வைக்கும் மாவு, சாயம், மேல்பூச்சு, லாக்டோஸ் போன்றவை. பெரும்பாலானோருக்கு இதனால் ஒன்றும் ஆகாது. பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள், டார்ட்ரசைன் மாதிரி மஞ்சள் சாயத்துக்கு அலர்ஜி உள்ளவர்கள் மட்டும் அட்டையோடு வரும் தாளில் கூட்டுப்பொருள் பட்டியலைப் பார்ப்பது நல்லது. புது மாத்திரை போட்ட சில நாளில் தடிப்பு, அரிப்பு வந்தால் சும்மா இருக்காதீர்கள், அதுவும் லாமோட்ரிஜின் (வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தரும் மருந்து) எடுப்பவராக இருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த மருந்தே ஆபத்தான தடிப்பைக் கொண்டுவரக்கூடியது, சாயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

மாற்றிய பிறகு எனக்குச் சரியில்லை. எல்லாரும் “உன் மனப்பிரமை” என்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே பதில் இல்லை.

மனது செய்யும் வேலை நிஜம். 2008ல் வெளியான ஓர் ஆய்வில் 82 பேருக்கு வலி குறைக்கும் மாத்திரை என்று சொல்லி மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். ஒரு பாதியினரிடம் விலை 2.50 டாலர் என்றார்கள், மறு பாதியினரிடம் தள்ளுபடியில் 10 சென்ட் என்றார்கள். விலை உயர்ந்தது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது, மலிவு என்று நம்பியவர்களில் 61 சதவீதம் பேருக்கு. இரண்டிலும் உள்ளே ஒன்றுமில்லை! நியூசிலாந்தில் 2017ல் வென்லாஃபாக்சின் என்ற மன அழுத்த மருந்து எடுப்பவர்களை ஒரு ஜெனரிக்குக்கு மாற்றினார்கள். அதைப் பற்றி ஊடகங்களில் செய்தி வந்த பிறகு பக்க விளைவுப் புகார்கள் எகிறின. கெடுதல் வரும் என்று எதிர்பார்த்தால் கெடுதல் உணர்வு வருவதற்கு நோசீபோ என்று பெயர். தலைவலி, தூக்கமின்மை, பதற்றம் இவைதான் நோசீபோவில் அதிகம் வரும், நம் நோய்களின் அறிகுறிகளும் அவையேதான். அதனால் மனநல மருந்தில் இது எந்த மருந்தையும்விடப் பிரித்தறியக் கஷ்டமானது.

சரி, அதற்காக “பிரமை” என்று சொல்லிவிட்டுப் போகலாமா? கூடாது. ஒன்று, நோசீபோவால் வரும் தலைவலியும் தலைவலிதான், வலிப்பது நிஜமாகவே வலிக்கிறது. இரண்டு, மன அழுத்தமும் இருமுனைக் கோளாறும் எந்த மாத்திரையும் மாறாமலேயே ஏறி இறங்கக்கூடியவை, மாத்திரை மாறிய அதே மாதத்தில் நோய் திரும்பியிருக்கலாம், அதை “ஜெனரிக் சரியில்லை” என்று தள்ளிவிட்டால் நிஜமான சரிவைத் தவறவிட்டுவிடுவோம். மூன்று, சில தடவை மாத்திரை உண்மையிலேயே சரியில்லாமல் இருந்திருக்கிறது.

உண்மையிலேயே தவறிய சம்பவம் இருக்கிறதா?

இருக்கிறது, மனநல மருந்திலேயே இருக்கிறது. பூப்ரோபியான் என்ற மன அழுத்த மருந்தின் மெதுவாகக் கரையும் வகை, பிராண்ட் பெயர் வெல்புட்ரின் எக்ஸ்எல். இதன் ஒரு ஜெனரிக்குக்கு 2006 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சில மாதங்களிலேயே 300 மில்லிகிராம் மாத்திரைக்கு மாறியவர்கள் தலைவலி, குமட்டல், திரும்பி வந்த மன அழுத்தம் என்று புகார் எழுத ஆரம்பித்தார்கள். 2008ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொன்ன பதில், மன அழுத்தம் இயல்பாகவே திரும்பத் திரும்ப வரும் நோய், மாத்திரை சரியாகத்தான் இருக்கிறது என்பது.

கதையின் ஓட்டை எங்கே இருந்தது என்றால், 300 மில்லிகிராம் மாத்திரையை யாரும் மனிதர்களிடம் சோதிக்கவே இல்லை. பூப்ரோபியான் அதிக டோஸில் வலிப்பு கொண்டுவரலாம் என்ற பயத்தால் 150 மில்லிகிராமை மட்டும் சோதித்து, 300ம் அப்படியே இருக்கும் என்று கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் நிர்வாகமே 24 ஆரோக்கியமானவர்களிடம் 300ஐச் சோதித்துப் பார்த்தது, தேறவில்லை. 2012 அக்டோபரில் அந்த மாத்திரை சந்தையிலிருந்து போனது. அதே மருந்தைச் செய்யும் மற்ற கம்பெனிகளையும் சோதிக்கச் சொன்னார்கள், அவற்றில் இன்னொன்றும் 2013ல் விலகியது. ஐந்தாறு வருடம் “உங்கள் நோய்தான் காரணம்” என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

இரண்டாவது, கவனக்குறைவு நோய்க்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட். கான்செர்ட்டா என்ற பிராண்ட் மாத்திரை உண்மையில் ஒரு குட்டிப் பம்பு. மேல்பூச்சில் 22 சதவீதம் மருந்து, அது உடனே கரையும். மீதி ஓர் ஓட்டுக்குள் இருக்கும், குடலில் உள்ள நீர் உள்ளே ஏற ஏற, ஓட்டிலுள்ள நுண்ணிய துளை வழியே மருந்து பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படும். (காலி ஓடு அப்படியே மலத்தில் வெளியே வரும், அதைப் பார்த்துவிட்டு “மாத்திரை கரையவே இல்லை” என்று பயப்படுபவர்கள் உண்டு, அது இயல்புதான்.) இரண்டு கம்பெனிகளின் ஜெனரிக் இந்த வெளியேற்றத்தைச் சரியாக ஒத்திருக்கவில்லை என்று 2014 நவம்பரில் “பிராண்டுக்குப் பதிலாகத் தரலாம்” என்ற தகுதியை அவற்றிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

இரண்டிலும் மூல மருந்தில் தவறு இல்லை. மெதுவாக விடுவிக்கும் தொழில்நுட்பத்தில்தான் தவறு. சாதாரண மாத்திரையைப் பார்த்துச் செய்வது சுலபம், மணிக்கணக்குப் போட்டு மருந்தை விடும் மாத்திரையைப் பார்த்துச் செய்வது சுலபமில்லை. அதனால்தான் எக்ஸ்எல், எஸ்ஆர் மாத்திரையில் மாற்றம் வந்தால் நான் கொஞ்சம் அதிகமாகக் கவனிப்பேன், சாதாரண செர்ட்ராலினில் வந்தால் தோளைக் குலுக்கிவிட்டுப் போவேன்.

எந்த மருந்துகளில் ஒரே கம்பெனியில் இருப்பது நல்லது?

முதலில் லித்தியம். போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்துக்கொள்வார்கள், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. ஐந்து சதவீதம் அங்கே இங்கே என்பது மற்ற மருந்தில் பொருட்டே இல்லை, லித்தியத்தில் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குப் பொருட்டுதான். பிரிட்டனில் டாக்டர்கள் லித்தியத்தைக் கம்பெனிப் பெயரோடு எழுத வேண்டும் என்பதே நடைமுறை. மாற்ற வேண்டி வந்தால், மாற்றிய ஐந்து முதல் ஏழு நாளில், கடைசி டோஸ் எடுத்து 12 மணி நேரம் கழித்து ரத்தம் பார்ப்பார்கள். கை பெரிதாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, பேச்சு குழறல், நடை தள்ளாட்டம் என்றால் அடுத்த அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. ஆனால் ஒன்று, லித்தியம் அளவைக் கம்பெனி மாற்றத்தைவிட அதிகமாக ஆட்டுவது உடம்பில் நீர் வற்றுவதும், உப்பைத் திடீரெனக் குறைப்பதும், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளும்தான்.

அடுத்து கார்பமசபைன், வலிப்புக்கும் இருமுனைக் கோளாறுக்கும் தருவது. இதுவும் ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டிய மருந்து, அதோடு இதற்கு ஈரம் ஆகாது. ஈரப்பதம் பட்டால் மாத்திரை இறுகிப்போய் வயிற்றில் சரியாகக் கரையாது, பலனில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடலாம் என்று அமெரிக்காவில் 1990 வாக்கிலேயே எச்சரித்தார்கள். குளியலறை அலமாரியில் வைக்காதீர்கள். பிராண்டை மாற்றியதால்தான் பலன் போனது என்று நினைப்பவர்கள் முதலில் மாத்திரை எங்கே இருந்தது என்று பார்க்கலாம்.

அதே நோய்களுக்குத் தரும் வால்ப்ரோயேட்டில் குழப்பமே பெயர்தான். வால்ப்ரோயிக் அமிலம், சோடியம் வால்ப்ரோயேட், டைவால்ப்ரோயெக்ஸ் எல்லாம் உடம்புக்குள் ஒரே இடத்துக்குத்தான் போகும், ஆனால் மில்லிகிராமுக்கு மில்லிகிராம் மாற்றக் கூடாது. டைவால்ப்ரோயெக்ஸிலேயே தாமதமாகக் கரையும் வகையிலிருந்து நாளுக்கு ஒருமுறை எடுக்கும் இஆர் வகைக்குப் போனால் டோஸை 8 முதல் 20 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். இது டாக்டர் செய்ய வேண்டிய கணக்கு.

மனச்சிதைவுக்குத் தரும் குளோசபைனில் கம்பெனி மாறினாலும் மாறாவிட்டாலும் வெள்ளணுப் பரிசோதனை அட்டவணை தவறக் கூடாது. இதை எடுப்பவர் திடீரென சிகரெட்டை நிறுத்தினால் ரத்தத்தில் மருந்து அளவு கணிசமாக ஏறும், கம்பெனி மாறுவதைவிட அது பெரிய மாற்றம், ஆனால் யாரும் டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள்.

லாமோட்ரிஜினில் பயம் அதிகம், ஆதாரம் குறைவு. 2016ல் வெளியான ஒரு வலிப்பு நோய் ஆய்வில், ஒன்றுக்கொன்று அதிகம் வேறுபடக்கூடிய இரண்டு ஜெனரிக்குகளைத் தேர்ந்தெடுத்து, நோயாளிகளிடமே மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள், ரத்த அளவில் சொல்லும்படி வித்தியாசம் வரவில்லை. இதில் உண்மையான ஆபத்து வேறு: கடையில் கிடைக்கவில்லை, பெயர் வேறு என்று குழம்பி ஐந்தாறு நாள் விட்டுவிட்டு மறுபடி பழைய டோஸையே முழுதாக ஆரம்பிப்பது. அப்படிச் செய்யக் கூடாது, பெரும்பாலும் அடியிலிருந்து மெதுவாக ஏற்ற வேண்டியிருக்கும்.

சாதாரண மன அழுத்த மாத்திரைகள்?

செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெடின், எஸ்சிட்டலோபிராம், மிர்ட்டாசபைன். நிம்மதியாக ஜெனரிக் எடுங்கள். ஃப்ளூவாக்ஸெடின் உடம்பில் நாள்கணக்கில் தங்கும் என்பதால் சின்ன வித்தியாசங்கள் கரைந்தே போய்விடும். வென்லாஃபாக்சின் அப்படி இல்லை, சீக்கிரம் இறங்கும், ஒரு டோஸ் தவறினாலே சிலருக்குத் தலைக்குள் மின்சாரம் சொடுக்குவது மாதிரி இருக்கும். மாற்றிய வாரத்தில் அப்படி வந்தால் “புது மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை” என்று முடிவு கட்டும் முன், நடுவில் ஒரு வேளை விட்டுப்போனதா என்று யோசியுங்கள். மாற்றும் வாரத்தில்தான் அது அதிகம் விட்டுப்போகும்.

சிட்டலோபிராமின் ஜெனரிக்தானே எஸ்சிட்டலோபிராம்?

இல்லை! இரண்டும் வேறு மருந்துகள், டோஸும் வேறு. சிட்டலோபிராமில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகள் பாதிப் பாதி கலந்திருக்கும், அதில் வேலை செய்யும் பாதியை மட்டும் பிரித்து எடுத்தது எஸ்சிட்டலோபிராம். வென்லாஃபாக்சினும் டெஸ்வென்லாஃபாக்சினும், ரிஸ்பெரிடோனும் பாலிபெரிடோனும் வேறு வகையில் உறவுக்காரர்கள், ஆனால் ஒரே ஆள் இல்லை. கடையில் “இதுவும் அதுதான்” என்று இவற்றில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பழைய மருந்தின் காப்புரிமை முடியும் நேரத்தில் உறவுக்கார மருந்து ஒன்று புதிதாக வருவது தற்செயல் என்று நான் நம்பவில்லை, அது வேறு கதை.

மாதா மாதம் வேறு வேறு கம்பெனி வருகிறது. பரவாயில்லையா?

இது எனக்குப் பிடிக்காத விஷயம். ஒவ்வொரு ஜெனரிக்கும் பிராண்டோடு ஒப்பிட்டுத்தான் தேறியிருக்கிறது, ஜெனரிக்குக்கும் ஜெனரிக்குக்கும் பொதுவாக ஒப்பிடுவதில்லை. ஒன்று பிராண்டைவிடக் கொஞ்சம் மேலே, மற்றொன்று கொஞ்சம் கீழே என்றால் இரண்டுக்கும் இடைவெளி கூடும். பெரும்பாலான மருந்துகளில் இதுவும் ஒன்றும் செய்யாது. ஆனால் நிம்மதி என்று ஒன்று இருக்கிறது. பிராண்டா ஜெனரிக்கா என்று சண்டை போடுவதைவிட, எதுவானாலும் ஒரே கம்பெனியைப் பிடித்துக்கொண்டு அதையே தரச் சொல்லி மருந்துக் கடைக்காரரிடம் கேட்பதுதான் பலன் தரும். பலர் முன்கூட்டியே சொன்னால் எடுத்து வைப்பார்கள். மாத்திரை தீரும் நாளில் போய் நின்றால் கையில் இருப்பதைத்தான் தருவார்கள்.

பிராண்டையே வாங்கினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே?

கையில் காசு இருந்து, மனதுக்கு அமைதி தருமென்றால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் பிராண்டும் மாறாத பொருள் அல்ல. தயாரிக்கும் இடத்தையோ முறையையோ பெரிதாக மாற்றினால் அவர்களும் தங்கள் பழைய மாத்திரையோடு புதியதை ஒப்பிட்டுக் காட்ட வேண்டியிருக்கும், அதாவது பிராண்டே தனக்கு ஜெனரிக் ஆகும் நாளும் உண்டு. புகைப்பழக்கத்தை விட உதவும் வரெனிக்ளினின் பிராண்ட் மாத்திரையில் 2021ல் நைட்ரசமின் வகைக் கலப்பு (புற்றுநோய் ஆபத்தைக் கூட்டக்கூடிய வேதிப்பொருள்) அளவுக்கு மேல் இருந்ததால் அதைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்தார்கள். அப்புறம், சில நாடுகளில் பிராண்ட் கம்பெனியே தன் மாத்திரையை வேறு பெயரில் ஜெனரிக்காகவும் விற்கும்.

போலி மருந்து வேறு விஷயம், அதை ஜெனரிக்கோடு சேர்க்காதீர்கள். போலி செய்பவர்கள் விலை உயர்ந்த பிராண்டைப் போலவும் செய்வார்கள்.

மாறியதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? அவர் கண்டுகொள்வதில்லை.

“ஜெனரிக் சரியில்லை டாக்டர்” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், எனக்கு இரண்டு முறை நடந்திருக்கிறது. மூன்றாவது முறை ஒரு தாளோடு போனேன். மாற்றிய தேதி, பழைய அட்டையும் புது அட்டையும் (இரண்டையும் கையில் எடுத்துப் போங்கள், போட்டோவைவிட அட்டை நல்லது), எந்த நாள் என்ன ஆனது, அந்த நாட்களில் தூக்கம் எத்தனை மணி நேரம், விட்டுப்போன டோஸ் உண்டா, புதிதாக வேறு மாத்திரை எதுவும் சேர்ந்ததா. பத்து வரிதான். டாக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், பேசினார், ரத்தம் பார்க்கச் சொன்னார். அளவு பார்க்கக்கூடிய மருந்தில் (லித்தியம், வால்ப்ரோயேட், கார்பமசபைன், குளோசபைன்) பழைய அளவும் புதிய அளவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிரமையா நிஜமா என்ற வாதமே தேவையில்லை. அதனால் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள், பின்னால் ஒப்பிட அதுதான் உதவும்.

மற்ற மருந்துகளில் சின்னத் தொந்தரவு என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்வார்கள், அது நியாயம்தான். தற்கொலை எண்ணம், இரண்டு மூன்று இரவு தூக்கமே இல்லாமல் துள்ளும் வேகம், குரல் கேட்பது என்றால் பொறுக்க வேண்டியதில்லை, அன்றே போக வேண்டும்.

பெரிய மாத்திரையை வாங்கி பாதியாக உடைத்து எடுத்தால் காசு மிச்சமாகுமே?

நடுவில் கோடு போட்ட சாதாரண மாத்திரை என்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கவோ கடிக்கவோ கூடாது (சில விதிவிலக்குகள் உண்டு, தாளில் இருக்கும்). ஒரு விஷயம், பழைய கம்பெனி மாத்திரையை உடைக்க முடிந்தது என்பதால் புதியதையும் உடைக்கலாம் என்று இல்லை, கோடு இருக்கிறதா பாருங்கள்.

பழைய கம்பெனி மாத்திரை கொஞ்சம் மீதம் இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் பழையதைத் தீர்த்துவிடுங்கள், அப்புறம் புதியதைப் பிரியுங்கள். இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்க வேண்டாம். டாக்டர் டோஸை மாற்றியிருந்தால் மட்டும் பழையதைத் தனியாக எடுத்து மருந்துக் கடையில் கேட்டு அப்புறப்படுத்துங்கள். நாங்கள் இப்போது புது அட்டை வந்தவுடன் பின்பக்கம் பேனாவால் மூல மருந்தின் பெயரையும் “இரவு 1” என்றும் தமிழில் பெரிதாக எழுதிவிடுகிறோம், மாத்திரை எந்த நிறத்தில் வந்தாலும் எடுப்பவர் படிப்பது அந்த எழுத்தைத்தான்.